அத்தியாயம் 5: கருமுட்டை முதிரும் நேரம் – பெண் குதிரையின் ஹார்மோன்களும் இனச்சேர்க்கைக் கணக்கும்

பெண் குதிரையின் கருமுட்டை சினைப்பையை விட்டு வெளியேறிய பின், கருவுறும் தகுதியோடு இருப்பது ஏறத்தாழ 12 மணி நேரம்தான். ஆனால் அந்தக் குறுகிய நேரத்துக்கான ஆயத்தம், அக்குதிரை தன் தாயின் வயிற்றில் கருவாக இருந்தபோதே தொடங்கிவிடுகிறது. ஆரோக்கியமான பெண் குதிரையும் நல்ல பொலிகுதிரையும் கிடைத்தும் சினை பிடிக்காமல் போவதற்கு, இந்த நேரம் தவறுவது ஒரு முக்கியக் காரணமாகும். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரங்களில் ஓரிரு குதிரைகளை மட்டும் வைத்துப் பராமரிப்போருக்கு ஒரு பருவம் வீணாவது ஓர் ஆண்டே வீணாவதற்குச் சமம் என்பதால், கருமுட்டை எப்படி முதிர்கிறது, அதை எந்த ஹார்மோன் எப்போது தூண்டுகிறது, அந்த மாற்றத்தை லாயத்தில் நின்று எவ்வாறு அறிவது என்னும் மூன்றையும் இந்த அத்தியாயம் வரிசையாக விளக்குகிறது.

1. ஒளியும் பருவமும்

குதிரை, பகல் நீளும் காலத்தில் இனப்பெருக்கம் செய்யும் விலங்கு. கண்ணின் விழித்திரையில் விழும் ஒளியின் அளவு நரம்புகள் வழியாக மூளையிலுள்ள பீனியல் சுரப்பியைச் சென்றடைகிறது. இருட்டு நேரத்தில் அந்தச் சுரப்பி மெலடோனின் என்னும் ஹார்மோனைச் சுரக்கிறது. இரவு நீண்டால் மெலடோனின் நெடுநேரம் சுரந்து, இனப்பெருக்க ஹார்மோன்களின் ஊற்றை அடக்கிவைக்கும். பகல் நீண்டால் அந்தத் தடை விலகி, சினைப்பை விழித்துக்கொள்ளும். பதினொரு மாதம் வயிற்றில் இருக்கும் குட்டி, பசும்புல் மிகுந்த காலத்தில் பிறக்க வேண்டும் என்பதற்காகக் குளிர்நாடுகளில் இயற்கை செய்துகொண்ட ஏற்பாடு இது.

இந்த ஏற்பாட்டைச் சென்னையின் மேற்குப் புறநகர்களுக்கு அப்படியே பொருத்திப் பார்க்கக் கூடாது. இங்கிலாந்தின் குதிரை வளர்ப்பு மையமான நியூமார்க்கெட்டில் கோடையின் மிக நீண்ட பகலுக்கும் குளிர்காலத்தின் மிகக் குறுகிய பகலுக்கும் இடையே ஏறத்தாழ 9 மணி நேர வேறுபாடு உண்டு. 13 பாகை வட அட்சத்தில் உள்ள ஆவடியிலோ ஜூன் மாதப் பகல் 13 மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாகவும், டிசம்பர் மாதப் பகல் 11 மணி 20 நிமிடத்தை ஒட்டியும் இருப்பதால், வேறுபாடு ஒன்றரை மணி நேரமே. ஒளியின் ஏவல் இவ்வளவு மெலிதாக இருக்கும் இடத்தில், உடல்வாகு, தீவனம், வெப்பம் ஆகியவற்றின் பங்கு பெரிதாகிறது. ஆகவே வெளிநாட்டு நூல்களில் அச்சான மாத அட்டவணையை நம்பாமல், ஒவ்வொரு குதிரையின் சுழற்சியையும் தனித்தனியாகக் குறித்துவைப்பதே இங்கு ஏற்ற வழி.

குளிர்காலத்தில் சுழற்சி நின்றுவிடும் குதிரைகளுக்குச் செயற்கை ஒளி தருவது உலகெங்கும் வழக்கத்தில் உள்ள முறை. இயற்கை ஒளியும் விளக்கொளியும் சேர்ந்து நாளொன்றுக்கு 16 மணி நேரம் வருமாறு, சூரியன் மறைந்ததும் விளக்கை ஏற்றி 60 முதல் 70 நாட்கள் தொடர வேண்டும். குதிரையின் கண் மட்டத்தில் 100 லக்ஸ் அளவு வெளிச்சம் இருந்தால் போதும். இரவு முழுவதும் விளக்கு எரிவது பயன் தராது, ஏனெனில் இருட்டும் ஒளியும் மாறிமாறி வருவதைத்தான் மூளை நாட்காட்டியாகப் படிக்கிறது. தொழிற்பேட்டையின் மின்விளக்கோ தெருவிளக்கோ விடியும்வரை லாயத்துக்குள் விழுமானால், அந்தப் பக்கத்தில் ஒரு திரையைத் தொங்கவிடுவது நல்லது.

2. மூளையிலிருந்து சினைப்பை வரை

மெலடோனின் தடை விலகியதும், மூளையின் அடிப்பகுதியிலுள்ள ஹைப்போதலாமஸ், ஜி.என்.ஆர்.எச். எனப்படும் தூண்டு ஹார்மோனைத் துடிப்புத் துடிப்பாக வெளியிடுகிறது. அது பிட்யூட்டரி சுரப்பியை எட்டியதும், அங்கிருந்து இரண்டு ஹார்மோன்கள் குருதியில் கலக்கின்றன: கருமுட்டைப் பைகளை வளர்க்கும் எஃப்.எஸ்.எச். ஒன்று, முட்டையை முதிரச் செய்து வெளியேற்றும் எல்.எச். மற்றொன்று. கருமுட்டைப் பை என்பது, கருமுட்டை ஒன்றைத் தன் சுவரோடு ஒட்டிவைத்துக்கொண்டு நீர் நிரம்பி வளரும் குமிழாகும்; கால்நடை மருத்துவர்கள் இதனை ஃபாலிக்கிள் என்பார்கள்.

குதிரையின் சினைப்பை பசுவின் சினைப்பையைப் போன்றதன்று. பசுவில் கருமுட்டைகள் தங்கும் அடுக்கு வெளிப்புறத்தில் இருப்பதால் முட்டை எந்தப் பக்கத்திலிருந்தும் வெளியேறலாம். குதிரையில் அந்த அடுக்கு உட்புறத்திலும், குருதிக்குழாய் நிறைந்த அடுக்கு வெளிப்புறத்திலும் அமைந்துள்ளதால், அவரை விதையைப் போன்ற அந்த உறுப்பின் உட்குழிவான ஒரே இடத்தின் வழியாக மட்டுமே முட்டை வெளியேற முடியும். பசுக்களில் நெடுங்காலம் பழகிய கை, குதிரையின் சினைப்பையைத் தடவிப் பார்த்து அதே முடிவுக்கு வர முடியாது என்பதை இந்த அமைப்பே உணர்த்துகிறது.

3. ஒரு கருமுட்டைப் பை முந்திச் செல்வது

பெண் குதிரையின் சுழற்சி சராசரியாக 21 முதல் 22 நாட்கள். இதில் பொலிகுதிரையை ஏற்கும் சினைப்பருவம் 5 முதல் 7 நாட்களும், ஏற்க மறுக்கும் இடைக்காலம் 14 முதல் 15 நாட்களும் ஆகும். எஃப்.எஸ்.எச். உயரும்போதெல்லாம் சிறு கருமுட்டைப் பைகள் பல ஒன்றாக வளரத் தொடங்குகின்றன. இதற்கு அலை என்று பெயர். அவற்றுள் பெரியது 22 மில்லிமீட்டர் அளவை நெருங்கும்போது ஒரு பிரிவு நிகழ்கிறது: அந்தப் பை ஈஸ்ட்ரோஜனையும் இன்ஹிபினையும் மிகுதியாகச் சுரந்து எஃப்.எஸ்.எச். அளவைக் குறைத்துவிட, மற்றவை ஊட்டமின்றிச் சுருங்க, முந்திய பை மட்டும் குறைந்த எஃப்.எஸ்.எச். அளவிலும் எல்.எச். துணையோடு வளர்ந்துகொண்டே செல்கிறது. அதன் பிறகு அது நாளொன்றுக்கு ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் வீதம் பெருத்து, பொதுவாக 40 முதல் 45 மில்லிமீட்டர் அளவில் வெடிக்கிறது.

இந்த வளர்ச்சி வீதமே பராமரிப்பாளரின் கையிலுள்ள சிறந்த கணக்கு. ஸ்கேனில் 28 மில்லிமீட்டர் என்று தெரிந்த பை 35 மில்லிமீட்டரை எட்ட இரண்டு மூன்று நாட்கள் ஆகும் என்பதை முன்கூட்டியே அறிந்தால், மருத்துவரை எந்த நாளில் அழைப்பது, பொலிகுதிரையை எப்போது ஏற்பாடு செய்வது என்பவற்றை நிதானமாகத் தீர்மானிக்கலாம். சில குதிரைகளில் இரண்டு பைகள் ஒருசேர முந்துவதும் உண்டு, குறிப்பாகப் பந்தயக் குதிரையான தரோபிரெட் இனத்தில். இரட்டைக் கரு குதிரைக்குப் பெரும்பாலும் கருச்சிதைவில் முடிவதால், அத்தகைய நிகழ்வைப் பதிவேட்டில் தவறாமல் குறித்துவைக்க வேண்டும்.

4. கருமுட்டைக்குள் நடப்பது

பெண் குதிரை தன் வாழ்நாளுக்கு வேண்டிய கருமுட்டைகள் அனைத்தையும் பிறக்கும்போதே கொண்டுவருகிறது. அவை ஒவ்வொன்றும், குரோமோசோம்களைப் பாதியாகக் குறைக்கும் குன்றல் பிரிவைத் தொடங்கிவிட்டு, அதன் முதற்கட்டத்திலேயே ஆண்டுக்கணக்கில் நின்றுபோயிருக்கும். பத்து வயதுக் குதிரையின் முட்டை பத்து ஆண்டுகளுக்கு மேலாக அந்த நிலையில் காத்திருந்த முட்டையே. பதினைந்து வயதைக் கடந்த குதிரைகளில் சினை பிடிப்பது குறைந்து, தொடக்க நிலைக் கருக்கள் அழிவது கூடுவதற்கு இந்த நீண்ட காத்திருப்பும் ஒரு காரணம். பிந்திய வயதில் குட்டி எடுக்க நினைப்பவர்கள் இதை மனத்திற்கொள்ள வேண்டும்.

எல்.எச். உயர்ந்ததும் அந்த உறக்கம் கலைகிறது. முட்டையைச் சுற்றிப் பஞ்சுபோல் படர்ந்திருக்கும் கியுமுலஸ் உயிரணுக்கள், தம்மிடையே பசைபோன்ற பொருளைச் சுரந்து விரிகின்றன; முட்டையின் கரு உறை கரைகிறது; குதிரையின் 64 குரோமோசோம்களில் பாதி, துருவ அணு என்னும் சிறு பொட்டலமாக ஒதுக்கப்பட, 32 குரோமோசோம்களோடு முட்டை இரண்டாம் பிரிவின் நடுக்கட்டத்தில் மீண்டும் நிற்கிறது. கருமுட்டையின் முதிர்ச்சி என்பது இதுதான். இந்த நிலையில்தான் அது வெளியேறுகிறது. விந்தணு உள்ளே நுழைந்த பின்னரே பிரிவு முழுமை பெறும். ஆய்வகத்தில் வளர்ப்பு ஊடகத்தில் வைத்தால் இந்த முதிர்ச்சிக்கு 24 முதல் 36 மணி நேரம் பிடிக்கிறது. பின்னர் கூறப்படும் ஊசி மருந்துகளுக்கும் முட்டை வெளியேற்றத்துக்கும் இடைப்பட்ட நேரம் ஏறத்தாழ இதே அளவாக இருப்பது தற்செயலன்று. மருந்து வெளியேற்றத்தை மட்டும் தூண்டுவதில்லை, முட்டையை முதிரச் செய்து வெளியேற்றுகிறது.

மற்றொரு வேறுபாடும் அறியத்தக்கது. பசுவில் எல்.எச். சில மணி நேரத்தில் சட்டென்று ஏறி இறங்கும். குதிரையிலோ அது பல நாட்களாகப் படிப்படியாக ஏறி, முட்டை வெளியேறிய பிறகே உச்சத்தைத் தொடுகிறது. எனவே குருதியில் எல்.எச். அளவைப் பார்த்து நேரம் குறிக்க முயல்வது குதிரையில் பயன்படாது. கருமுட்டைப் பையின் அளவும் கருப்பையின் நிலையுமே நம்பகமான அடையாளங்கள்.

5. முட்டை வெளியேறிய பின்

வெடித்த பையின் குழியில் குருதி நிரம்பி, அது நாளடைவில் மஞ்சள் உடலம் என்னும் தற்காலிகச் சுரப்பியாக மாறிப் புரோஜெஸ்டிரோனைச் சுரக்கிறது. இந்த ஹார்மோன் கருப்பையை அமைதிப்படுத்தி, கரு தங்குவதற்கு ஏற்றதாக்குவதோடு, குதிரை பொலிகுதிரையை மறுக்கும்படியும் செய்கிறது. குருதியில் இது மில்லிலிட்டருக்கு 1 நானோகிராமுக்கு மேல் இருந்தால் மஞ்சள் உடலம் இயங்குகிறது எனவும், சினை நிலைக்க ஏறத்தாழ 4 நானோகிராம் வேண்டும் எனவும் மருத்துவர்கள் கணக்கிடுகிறார்கள். கரு உண்டாகவில்லையென்றால், 14 அல்லது 15 ஆம் நாளை ஒட்டிக் கருப்பைச் சுவர் புரோஸ்டாகிளான்டினை வெளியிட்டு மஞ்சள் உடலத்தைக் கரைத்துவிட, அடுத்த சுழற்சி தொடங்குகிறது. இதே பொருளை ஊசியாகச் செலுத்திச் சுழற்சியைச் சுருக்கலாம். ஆனால் மஞ்சள் உடலத்துக்கு ஐந்து நாள் வயதாகும் முன் கொடுத்தால் முழுப் பயன் கிடைக்காது.

6. லாயத்தில் அறியும் குறிகள்

சினைப்பருவத்தை அறிய, இடையில் உறுதியான பலகைத் தடுப்பு வைத்து, பெண் குதிரையைப் பொலிகுதிரையின் அருகே நாள்தோறும் ஒரே நேரத்தில் கொண்டுவந்து பார்க்க வேண்டும். காலையின் குளிர்ந்த நேரம் இதற்கு ஏற்றது. பருவத்தில் உள்ள குதிரை வாலை ஒருபுறமாகத் தூக்கி, பின்னங்கால்களை அகற்றிச் சற்றே தாழ்ந்து, சிறிது சிறிதாகச் சிறுநீர் விட்டு, பெண்குறியின் இதழ்களைத் திறந்து மூடிக்கொண்டு அமைதியாக நிற்கும். பருவத்தில் இல்லாத குதிரையோ காதுகளைப் பின்னால் மடக்கி, வாலைச் சுழற்றிக் கத்தி உதைக்க முயலும். குட்டியுடன் உள்ள தாய், குட்டியைக் காக்கும் முனைப்பில் தன் பருவத்தை மறைத்துக்கொள்ளலாம். அத்தகைய குதிரையில் இந்தச் சோதனையை மட்டும் நம்பக் கூடாது.

ஸ்கேன் திரையில் கருமுட்டைப் பை கறுத்த வட்டமாகத் தெரியும். ஈஸ்ட்ரோஜன் மிகும்போது கருப்பையின் மடிப்புகளில் நீர் கோத்து, குறுக்குவெட்டில் அது சாத்துக்குடியைக் குறுக்காக அரிந்ததுபோல் சுளை சுளையாகக் காட்சி தரும். வெளியேற்றத்துக்கு முந்திய நாளில் அந்தச் சுளைத் தோற்றம் மங்கத் தொடங்கும். இறுகியிருந்த பை மெத்தென்று இளகி, வட்டம் நீண்டு பேரிக்காய் வடிவம் கொள்ளும். முட்டை வெளியேறிய பின் கறுத்த வட்டம் மறைந்து அவ்விடம் வெண்மை கலந்து தெரியும். சினைப்பருவம் முடிவதற்கு 24 முதல் 48 மணி நேரத்துக்கு முன்னரே முட்டை வெளியேறிவிடுகிறது. ஆகவே குதிரை இன்னும் பருவத்தில்தானே இருக்கிறது என்று கடைசி நாள்வரை தாமதிப்பவர், முட்டை சென்ற பிறகே பொலிகுதிரையை அழைத்துவருகிறார்.

7. நேரத்தைத் திட்டமிடல்

விந்தணு பெண் குதிரையின் உடலுக்குள் எவ்வளவு காலம் வாழும் என்பதே கணக்கின் மறுபாதி. இயற்கை இனச்சேர்க்கையிலும் புதிய விந்திலும் அது இரண்டு நாட்களாவது வாழும். உறைவிந்தில் அரை நாள் முதல் ஒரு நாள்வரை மட்டுமே வாழும். முட்டையின் ஆயுளோ அரை நாள். எனவே விந்து முட்டைக்காகக் காத்திருக்கலாம், முட்டை விந்துக்காகக் காத்திருக்காது என்பதே இந்த அத்தியாயத்தின் மையக் கருத்து. புதிய விந்தாயின் வெளியேற்றத்துக்கு முந்திய 48 மணி நேரத்துக்குள்ளும், உறைவிந்தாயின் வெளியேற்றத்துக்கு 12 மணி முன்பிலிருந்து 6 மணி பின்வரையுள்ள இடைவெளிக்குள்ளும் வேலை முடிய வேண்டும்.

வெளியேற்றத்தை நாமே நேரம் குறித்து நிகழ்த்த, எல்.எச். போலச் செயல்படும் எச்.சி.ஜி. ஊசி 1,500 முதல் 2,500 யூனிட் அளவிலோ, ஜி.என்.ஆர்.எச். வகையைச் சேர்ந்த டெஸ்லோரெலின் மருந்தோ பயன்படுகிறது. பை 35 மில்லிமீட்டரை எட்டி, கருப்பையில் சுளைத் தோற்றமும் தெளிவாக இருக்கும்போது எச்.சி.ஜி. கொடுத்தால், பெரும்பாலான குதிரைகளில் 36 மணி நேரத்தையொட்டி முட்டை வெளியேறும். வியாழக்கிழமை இரவு 8 மணிக்கு ஊசி போடப்பட்டால் சனிக்கிழமை காலை 8 மணியளவில் வெளியேற்றத்தை எதிர்பார்க்கலாம்; இயற்கை இனச்சேர்க்கைக்கு வெள்ளிக்கிழமை மாலை பொருத்தமான நேரம்; உறைவிந்து என்றால் வெள்ளி நள்ளிரவிலிருந்து ஆறு மணிக்கொரு முறை ஸ்கேன் செய்து, வெளியேற்றம் தெரிந்ததும் தாமதமின்றிச் செலுத்த வேண்டும். சிறிய பைக்கு ஊசி போடுவது, முட்டை முதிரத் தயாராகாத நிலையில் பொருளைச் செலவழிப்பதாகவே முடியும்.

இம்மருந்துகளைக் கால்நடை மருத்துவர் மட்டுமே செலுத்த வேண்டும். புரோஸ்டாகிளான்டின் ஊசிக்குப் பின் குதிரை சிறிது நேரம் வியர்த்து வயிற்று வலியால் தவிக்கலாம். அம்மருந்து தோல் வழியாகவும் உடலில் ஊறும் என்பதால், கர்ப்பிணிகளும் ஆஸ்துமா உள்ளவர்களும் அதைத் தொடவே கூடாது. மேற்குப் புறநகரில் இருப்போருக்கு, 1903 இல் தொடங்கப்பட்ட சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி வேப்பேரியிலும், 1989 இல் நிறுவப்பட்ட தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் மாதவரத்திலும் எட்டும் தொலைவில் இருப்பது ஒரு வாய்ப்பு. பருவம் தொடங்கும் முன்பே அங்குள்ள மருத்துவர்களிடம் குதிரையைக் காட்டி, கருப்பையில் நோய்த்தொற்று இல்லை என்று உறுதிசெய்துகொள்வது, பருவத்தின் நடுவில் ஓடி அலைவதைத் தவிர்க்கும்.

8. தீவனமும் வெயிலும்

13 ஆம் நூற்றாண்டின் இறுதியில் தமிழகக் கடற்கரையைக் கண்ட மார்க்கோ போலோ, பாண்டிய நாட்டுக்கு ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான குதிரைகள் கடல்வழியாக வந்திறங்கியதையும், இங்கே நல்ல குதிரைகளைச் சேர்த்தாலும் கால் கோணிய, சவாரிக்கு உதவாத குட்டிகளே பிறந்ததையும், அவற்றுக்குச் சோறும் சமைத்த இறைச்சியும் ஊட்டப்பட்டதையும் எழுதியுள்ளார். இந்த மண்ணில் குதிரை பெருகாது என்ற எண்ணம் அவ்வளவு பழையது. ஆனால் 1824 இல் ஓசூரில் படைக்குதிரை வளர்ப்புக்கென்றே அரசுப் பண்ணை தொடங்கப்பட்டது, முறையான தீவனமும் கவனிப்பும் இருந்தால் தமிழகத்திலும் குதிரை வளர்க்கலாம் என்ற நம்பிக்கையின் வெளிப்பாடு. ஓசூரின் குளிர்ச்சி ஆவடிக்கு இல்லை என்பதால், இங்கே அந்தக் கவனிப்பு இன்னும் கூடுதலாக வேண்டும்.

1983 இல் ஹென்னக்கே குழுவினர் வகுத்த ஒன்பது படி உடல்வாகு மதிப்பீட்டில், விலா எலும்பு கண்ணுக்குத் தெரியாமல் கைக்குத் தட்டுப்படும் 5 அல்லது 6 ஆம் படி, இனப்பெருக்கத்துக்கு ஏற்றது. மெலிந்த குதிரையின் மூளை, ஒளி போதுமான அளவு இருந்தும் இனப்பெருக்க ஹார்மோன்களைக் குறைத்துக்கொள்கிறது. கொள்ளும் பசும்புல்லும் போதும் என்று விட்டுவிடாமல் தாது உப்பும் சேர்க்க வேண்டும்; கம்பு நேப்பியர் புல்லிலுள்ள ஆக்சலேட் கால்சியத்தைக் கட்டிப்போட்டுவிடும் என்பதால், அதை மட்டுமே நம்பி வளர்க்கக் கூடாது. வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த நேரத்தில் கடுமையாக வேலை வாங்கப்படும் குதிரைகளில் கருக்களின் தரம் குறைவதை ஆய்வுகள் காட்டியுள்ளன. கருமுட்டைப் பை முந்திக்கொண்டிருக்கும் அந்த ஒரு வாரத்தில், அக்னி நட்சத்திர வெயிலில் குதிரையை ஊர்வலத்துக்கு அனுப்பாமல், கூரைமேல் கீற்று வேய்ந்து நிழலில் நிறுத்துவது முட்டைக்குச் செய்யும் நேரடியான உதவி.

9. கருவுற்ற பின் கவனிக்க வேண்டிய நாட்கள்

கருவுறுதல் கருக்குழலில் நிகழ்கிறது. வளரும் கரு, தானே புரோஸ்டாகிளான்டின் ஈ2 என்னும் பொருளைச் சுரந்து குழலின் கடைவாயைத் திறந்துகொண்டு, ஏறத்தாழ 6 ஆம் நாளில் கருப்பைக்குள் இறங்குகிறது; கருவுறாத முட்டைகளோ குழலிலேயே தங்கிவிடுகின்றன. இறங்கிய கரு 16 ஆம் நாள்வரை கருப்பை முழுவதும் ஊர்ந்து திரிந்து, தான் இருப்பதைச் சுவரெங்கும் அறிவிப்பதால்தான் மஞ்சள் உடலம் கரைக்கப்படாமல் காக்கப்படுகிறது. ஆகவே 14 முதல் 16 ஆம் நாளுக்குள் முதல் ஸ்கேன் அவசியம். இரட்டைக் கரு இருந்தால், அவை ஓரிடத்தில் நிலைபெறும் முன் மருத்துவர் ஒன்றை அகற்றிவிட முடியும். 35 ஆம் நாளுக்குப் பின் கருப்பையில் தோன்றும் கிண்ணம் போன்ற அமைப்புகள், 1930 இல் கோல், ஹார்ட் என்னும் அறிஞர்கள் கண்டறிந்த ஹார்மோனைச் சுரந்து, கூடுதல் மஞ்சள் உடலங்களை உருவாக்கிச் சினையைத் தாங்குகின்றன. அதன் பின் சினை கலைந்தாலும் அந்த ஹார்மோன் பல வாரங்கள் நீடிப்பதால், குதிரை அந்தப் பருவத்தில் மீண்டும் சுழற்சிக்கு வருவது கடினம்.

இந்த அறிவின் பயனை இந்தியாவிலேயே காணலாம். பிகானேரிலுள்ள தேசியக் குதிரை ஆராய்ச்சி மையத்தின் வளாகத்தில், ஒரு குதிரையின் கருவை ஏழரை நாள் வயதில் எடுத்து வாடகைத் தாய்க் குதிரைக்கு மாற்றியதில், 2023 மே மாதம் ராஜ் பிரதம் என்னும் மார்வாரிக் குட்டி பிறந்தது. கரு தந்த தாயின் சுழற்சியையும் அதைச் சுமந்த தாயின் சுழற்சியையும் ஒரே நாள் கணக்கில் பொருத்தாமல் இது கைகூடாது. விந்தணுவை முட்டைக்குள் நேரடியாகச் செலுத்தும் முறையில் 1996 இல் அமெரிக்காவில் முதல் குட்டி பிறந்ததற்கும், உடலுக்கு வெளியே முட்டையை முழுமையாக முதிரச் செய்யும் திறன் அடிப்படையாக இருந்தது.

10. பதிவேடு

இத்தனைக்கும் முதற்கருவி ஒரு நோட்டுப் புத்தகமே. ஒவ்வொரு குதிரைக்கும் தனிப் பக்கம் ஒதுக்கி, பொலிகுதிரை முன் அது நின்ற விதம், ஸ்கேனில் கண்ட பையின் அளவு, இடது வலது சினைப்பைகளில் எது, கொடுத்த மருந்தும் மணியும், முட்டை வெளியேறிய நாள் ஆகியவற்றை அன்றன்றே எழுத வேண்டும். குட்டி ஈன்ற குதிரைக்கு ஈன்ற நாளைக் குறிப்பது மேலும் முக்கியம், ஏனெனில் 5 முதல் 12 நாட்களுக்குள் அதற்கு முதல் பருவம் வந்துவிடும். மூன்று சுழற்சிகள் எழுதப்பட்ட பிறகு அக்குதிரை எந்த அளவில் முட்டையை வெளியேற்றுகிறது, பருவம் எத்தனை நாள் நீடிக்கிறது என்பவை அந்தப் பக்கத்திலிருந்தே தெரிந்துவிடும். நான்காவது சுழற்சியில் மருத்துவரை எந்த நாளில் அழைப்பது என்பதை அந்த எண்களே சொல்லும்.